ஒப்புக்கொண்டான், சரி, எப்படி ஒப்புக்கொண்டான்?

அக்கா பீரோவைத் திறக்கிறாள். சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் இரண்டு வளையல்கள் இருக்க வேண்டும். பெட்டி இருக்கிறது, வளையல்கள் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிடுகிறாள். அவன் வந்து நிற்கிறான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், "நான்தான்க்கா வெச்சேன்" என்கிறான். அடகுக் கடையில் வைத்திருக்கிறான்.

கதை எழுதத் தொடங்கியிருக்கும் ஒருவர் இங்கே வந்ததும் பேனாவை நிறுத்துவார். அடுத்து "என்று ஒப்புக்கொண்டான்" என்று எழுத வேண்டும். "என்று" என்பதற்கும் "ஒப்புக்கொண்டான்" என்பதற்கும் நடுவில் ஒரு சொல் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். தயக்கத்துடன்? வருத்தத்துடன்? கண்ணீர் மல்க? கை முதலில் வரும் சொல்லை எடுத்துப் போட்டுவிடும். புதிதாக எழுதுபவர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது பல வருடங்களாக என் வேலை. அந்தக் கதைகளில் முதலில் வரும் சொல் அநேகமாக "தயக்கத்துடன்"தான்.

அந்த ஒரு சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. இலக்கணத்தில் அதற்கு வினையடை என்று பெயர். ஒருவர் தான் செய்ததை ஒப்புக்கொள்ளும்போது ஏதோ ஒன்றை இழக்கிறார். மானமாக இருக்கலாம், பணமாக இருக்கலாம், ஒருவர் தன் மேல் வைத்த நம்பிக்கையாக இருக்கலாம். என்ன போகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்துவிட்டால் சரியான சொல் பக்கத்தில் வந்து நிற்கும். அது தெரியாதபோதுதான் "தயக்கத்துடன்" வருகிறது.

முதலில் வினையைப் பாருங்கள்

அடையைத் தேடுவதற்கு முன் வினையைச் சரிபார்க்க வேண்டும். "ஒப்புக்கொள்" என்ற வினைக்குத் தமிழில் இரண்டு வேலை உண்டு. செய்ததை "ஆமாம், செய்தேன்" என்று சொல்வது ஒன்று. கேட்ட காரியத்துக்குச் "சரி" என்று சொல்வது இன்னொன்று. "திருட்டை ஒப்புக்கொண்டான்" என்பது முதல் வகை. "கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார்" என்பது இரண்டாம் வகை. எந்த வகை என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முன்னால் நிற்கும் அடையும் அவருக்குக் கைகொடுக்கிறது. "மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்" என்றால் அது சம்மதம். "கூனிக் குறுகி ஒப்புக்கொண்டார்" என்றால் அது குற்றம்.

அதனால் அடை தவறினால் வினையின் பொருளே சாய்ந்துவிடும். "அரைமனதாக ஒப்புக்கொண்டான்" என்று நம் தம்பியைப் பற்றி எழுதிப் பாருங்கள். அவன் ஏதோ வேலைக்குப் போகச் சம்மதித்த மாதிரி கேட்கும். "வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள்" என்பது இரண்டு பக்கமும் சாயும்: மனதில் இருந்த காதலைச் சொன்னாளா, கல்யாணத்துக்குச் சரி என்றாளா? முன்பின் வாக்கியங்கள் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். ஒப்புக்கொள்ளும் காட்சியில் அந்த ஒரு கணமும் விலை உயர்ந்தது.

பக்கத்தில் "ஏற்றுக்கொள்" என்ற வினை இருக்கிறது. பலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். "தோல்வியை ஒப்புக்கொண்டார்" என்றால் வாய் சொன்னது. "தோல்வியை ஏற்றுக்கொண்டார்" என்றால் மனம் இறங்கியது. ஒப்புக்கொண்டவர் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம். ஏற்றுக்கொண்டவர் கடைசிவரை வாயைத் திறக்காமலும் இருக்கலாம். எனவே "மனதார" என்பது ஏற்றுக்கொள்வதற்குப் பொருந்தும், "வாய்விட்டு" என்பது ஒப்புக்கொள்வதற்குப் பொருந்தும். "ஒத்துக்கொள்" பேச்சுக்கு நெருக்கமானது. பாத்திரங்கள் பேசும்போது "அவனே ஒத்துக்கிட்டான்" என்பார்கள். அங்கே "ஒப்புக்கொண்டான்" என்று எழுதினால் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

எதிரில் நிற்பது யார்?

தம்பியின் அதே வார்த்தைகளை வேறு வேறு ஆட்களுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். டீக்கடையில் கூட்டாளியிடம், "நான்தான்டா வெச்சேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வான். அங்கே அவனுக்கு எதுவும் போகவில்லை. அக்காவிடம் சொல்லும்போது அவளுடைய நம்பிக்கை போகிறது. பின்னால் வந்து நிற்கும் அத்தானிடம் சொல்லும்போது தன் மானத்தோடு அக்காவின் மரியாதையும் சேர்ந்து போகிறது. புகுந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மூன்று இடத்துக்கும் ஒரே அடை பொருந்தவே பொருந்தாது. அக்காவிடம் "தலை குனிந்து". அத்தானிடம் "அத்தானின் முகத்தைப் பார்க்காமல், அக்காவையே பார்த்து".

எந்த உணர்ச்சி என்று குழப்பமாக இருந்தால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்றும் சொல்கிறது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்று "தம் இறை", அதாவது நம்மை ஆள்பவர். அலுவலகத்தில் மேலாளர் முன்னாலும், வீட்டில் அப்பா முன்னாலும் ஒப்புக்கொள்ளும்போது வருவது இந்த அச்சம். பெருமிதம் பிறக்கும் இடங்களில் ஒன்று தறுகண், அஞ்சாமை. "ஆமா, நான்தான் அடிச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவனிடம் இருப்பது அது. தன்னையே தாழ்வாக நினைத்துக் கூசுவது இளிவரலின் பக்கம். நம் தம்பியிடம் இருப்பது அச்சமா, இளிவரலா? எனக்கு இளிவரல் என்றுதான் படுகிறது. அக்காவிடம் அவனுக்குப் பயம் இல்லை. அவள் திட்ட மாட்டாள், அழுவாள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. இவ்வளவு தெரிந்ததும் "நடுங்கியபடி", "பயந்துகொண்டே" எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன.

பேச்சிலேயே ஏற்கனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழில் ஒருவர் எப்படி ஒப்புக்கொள்கிறார் என்பது பல நேரம் அவர் பேசும் வினையின் வாலிலேயே இருக்கும். கீழே இருப்பவை எல்லாம் ஒரே செய்திதான். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

"நான்தான்க்கா வெச்சேன்."

"வெச்சுட்டேன்க்கா."

"வெச்சுத் தொலைச்சுட்டேன்க்கா."

"வெக்க வேண்டியதாப் போச்சு."

"அது கடையில இருக்குக்கா."

"ஆமா, வெச்சேன். இப்ப என்ன?"

முதல் வாக்கியத்தில் "தான்" இருக்கிறது. வேறு யாரையும் சந்தேகப்படாதே, நான் என்று தன்னை முன்னால் தள்ளி நிறுத்துகிறான். இரண்டாவதில் "விடு" என்ற துணைவினை சேர்ந்திருக்கிறது. வைத்துவிட்டேன்: முடிந்துபோயிற்று, இனித் திருப்ப முடியாது என்ற வருத்தம் அந்த "ட்டேன்"னில் இருக்கிறது. மூன்றாவதில் "தொலை" சேர்ந்ததும் தன் மேலேயே எரிச்சல். நான்காவதில் ஆளையே காணோம். வைத்தது அவன் இல்லை, சூழ்நிலை. ஐந்தாவதில் வைத்தலும் போய்விட்டது. வளையல் தானாக நடந்து கடைக்குப் போன மாதிரி "இருக்கு" என்கிறான். ஆறாவதில் திமிர்.

இப்போது மூன்றாவது வாக்கியத்துக்குப் பின்னால் "என்று தன் மேலேயே எரிச்சலுடன் ஒப்புக்கொண்டான்" என்று எழுதினால் என்ன ஆகும்? "தொலைச்சுட்டேன்" சொன்னதையே மறுபடி சொல்கிறோம். ஆறாவதுக்குப் பின்னால் "திமிராக" என்று போடுவதும் அப்படித்தான். அந்த இடத்தில் வெறும் "என்றான்" போதும்.

பேச்சும் அடையும் வேறு வேறு திசையில் இழுக்கும்போதுதான் அடைக்கு உண்மையான வேலை கிடைக்கிறது. "ஆமா, வெச்சேன். இப்ப என்ன?" என்று கேட்டவன் குரல் உடைந்து கேட்டால்? அப்போது திமிர் மேல்தோல் என்று தெரிந்துவிடுகிறது. "அது கடையில இருக்குக்கா" என்பதை அக்காவின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னால்? ஆளை மறைக்கும் வாக்கியத்தை மறைக்காத கண்கள் சொல்கின்றன. அங்கே அடை ஒரு புதுச் செய்தியைக் கொண்டுவருகிறது.

சமையலறைகளில் தினமும் நடப்பதைக் கவனித்தாலே இது புரியும். பிள்ளைகள் கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டுவிட்டால் முதலில் வருவது "தம்ளர் உடைஞ்சிருச்சும்மா". இரண்டு முறை கேட்டால் "கைதவறி உடைஞ்சிருச்சு". மூன்றாம் முறை கேட்டால்தான் "உடைச்சிட்டேன்". உடைந்ததிலிருந்து உடைத்ததற்கு வருவதுதான் ஒப்புக்கொள்ளுதல். "ஞ்சு" "ச்சு" ஆகும் அந்த இடத்தில் ஒரு குழந்தை தன்னை முதல்முறையாக எழுவாயாக வைக்கிறது. எழுத்தாளராக நீங்கள் அதை மட்டும் சரியாகக் கேட்டு எழுதிவிட்டால் போதும், "மெல்ல", "தயங்கி", "பயந்து" எதுவும் தேவைப்படாது.

அடையின் வடிவம்

சரி, பேச்சில் இல்லாத ஒன்றைச் சொல்ல அடை தேவைதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஒரே உணர்ச்சிக்குத் தமிழ் பல வடிவங்களைத் தருகிறது. அவை ஒன்றுக்கொன்று சமம் இல்லை.

"தயக்கத்துடன்", "தயக்கமாக" என்பவை பெயர்ச்சொல்லோடு "உடன்", "ஆக" சேர்ந்தவை. இவை உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுகின்றன. வாசகர் எதையும் பார்ப்பதில்லை. நீங்கள் சொன்னதை நம்புகிறார், அவ்வளவுதான். "தயங்கி" என்பது வினையெச்சம். அது ஒரு செயல். பேச வாயெடுத்து நிறுத்தும் ஒருவன் தெரிகிறான். "தயங்கித் தயங்கி" என்று அடுக்கினால் பேச்சு துண்டு துண்டாக வருகிறது, நேரமும் கடக்கிறது. "குரல் நடுங்க", "கண் கலங்க" என்று "அ"வில் முடியும் எச்சங்கள் பக்கத்தில் இன்னொரு காட்சியை ஓடவிடுகின்றன. அவன் ஒப்புக்கொள்கிறான், அவன் குரல் தன் பாட்டுக்கு நடுங்குகிறது. அவனால் அடக்க முடியவில்லை என்பது அந்த வடிவத்திலேயே இருக்கிறது. இந்த நான்கில் பெயர் சூட்டும் வடிவத்தைக் கடைசியாக எடுங்கள் என்பது என் யோசனை. அவசரமாகக் கடந்துபோக வேண்டிய சின்ன ஒப்புதல்களுக்கு அது போதும். காட்சியின் நடுவில் நிற்கும் ஒப்புதலுக்குப் போதாது.

"பட்டென்று", "சட்டென்று" போன்றவை வேகத்தைச் சொல்பவை. ஒப்புக்கொள்ளும் வேகம் குணத்தைக் காட்டும். கேட்டதும் பட்டென்று சொல்பவன் எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவனாகவும் இருக்கலாம், அந்தத் தப்பைப் பெரிதாக நினைக்காதவனாகவும் இருக்கலாம். "படபடவென்று", "மளமளவென்று" ஆகியவை இரட்டைக்கிளவிகள். இவற்றைப் பிரித்தால் பொருள் தராது. இரட்டையாகத்தான் நிற்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. "படபடவென்று ஒப்புக்கொண்டான்" என்றால் பதற்றம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. "மளமளவென்று" என்றால் வேகம் இருக்கிறது, பதற்றம் இல்லை. காவல் நிலையத்தில் மளமளவென்று ஒப்புக்கொள்கிறவனைப் பார்த்தால், யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு சின்ன இலக்கணச் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். "குரல் உடைந்து ஒப்புக்கொண்டான்" என்று எழுதலாமா? உடைந்தது குரல், ஒப்புக்கொண்டது அவன், எழுவாய் வேறாகிறதே என்று கேட்பார்கள். எழுதலாம். உறுப்பின் வினை முழு ஆளின் வினையோடு முடியலாம் என்பது பழைய விதி. "சினைவினை சினையொடும் முதலொடும் செறியும்" என்கிறது நன்னூல். ஆனால் "மழை பெய்து ஒப்புக்கொண்டான்" முடியாது. அங்கே "மழை பெய்துகொண்டிருக்க" என்று மாற்ற வேண்டும்.

ஒற்று மிகுவதைப் பொறுத்தவரை "ஒப்புக்கொண்டான்" உயிரெழுத்தில் தொடங்குவதால் தொந்தரவே இல்லை. வினையை "சொன்னான்" என்று மாற்றும்போது கவனியுங்கள்: தயங்கிச் சொன்னான், தயக்கமாகச் சொன்னான், குரல் நடுங்கச் சொன்னான், மனம்விட்டுச் சொன்னான் என்று மிகும். தலை குனிந்து சொன்னான், பட்டென்று சொன்னான், மறைக்காமல் சொன்னான், தயக்கத்தோடு சொன்னான் என்பவற்றில் மிகாது.

கையில் இருக்கும் சொற்கள்

அகராதியைத் திறக்க வேண்டாம். நாம் தினமும் பேசுவதிலேயே ஒப்புதலின் சாயல்களுக்கு அருமையான சொற்கள் இருக்கின்றன.

பிடிபட்டுவிட்டான், ஆனால் பெரிய குற்றமில்லை. அதற்கு "அசடு வழிய" மாதிரி ஒரு சொல் வேறு இல்லை. மறைத்து வைத்த முறுக்கைத் தின்றவர், ஞாபக மறதியாக வெற்றுப் பையோடு வீடு திரும்பியவர் எல்லாம் அசடு வழியத்தான் ஒப்புக்கொள்வார்கள். அதையே கொஞ்சம் உடம்போடு சொன்னால் "தலையைச் சொறிந்தபடி". வாய் தவறி உண்மை வந்துவிட்டால் "நாக்கைக் கடித்துக்கொண்டு". இதில் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது தெரிகிறது. தப்பு சாமியிடம் என்றால் "கன்னத்தில் போட்டுக்கொண்டு".

பாதி மட்டும் சொல்பவருக்கு "மென்று விழுங்கி", "பூசி மெழுகி". இரண்டும் ஒன்றில்லை. மென்று விழுங்குபவருக்குச் சொல்ல முடியவில்லை. பூசி மெழுகுபவர் சொல்ல விரும்பவில்லை. முன்னவர் மேல் வாசகருக்கு இரக்கம் வரும், பின்னவர் மேல் வராது. இந்த ஒரு தேர்வில் உங்கள் பாத்திரத்தின் பக்கம் வாசகரை நிறுத்தலாம் அல்லது எதிர்ப்பக்கம் தள்ளலாம்.

முழுதாகச் சொல்பவருக்கு "ஒளிவுமறைவில்லாமல்", "உள்ளது உள்ளபடி", "மனம்விட்டு". விருப்பமில்லாமல் சொல்பவருக்கு "வேண்டாவெறுப்பாக", "வேறு வழியில்லாமல்". இங்கும் வித்தியாசம் உண்டு. வேண்டாவெறுப்பில் கசப்பு இருக்கிறது. வழியில்லாமையில் தோல்வி இருக்கிறது. "வீம்பாக" என்பது தப்பு என்று தெரிந்தும் இறங்கி வராதவருக்கு. "பெருந்தன்மையோடு" என்பது அடுத்தவரின் திறமையை ஒப்புக்கொள்பவருக்கு. தன் குற்றத்தைச் சொல்பவருக்கு அதைப் போட்டால் குற்றம் சின்னதாகிவிடும்.

"ஒருவழியாக", "கடைசியில்" என்பவற்றை நிறையப் பேர் அடையாகப் போடுகிறார்கள். இவை ஒப்புக்கொள்பவரைப் பற்றிச் சொல்வதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவரைப் பற்றிச் சொல்கின்றன. கதை அக்காவின் கண் வழியாக நடந்தால் "ஒருவழியாக ஒப்புக்கொண்டான்" நன்றாகப் பொருந்தும். தம்பியின் கண் வழியாக நடந்தால் பொருந்தாது.

நான் கண்டால் உடனே அடித்துவிடும் சொல் ஒன்று உண்டு: "நேர்மையாக". ஒப்புக்கொள்வதே நேர்மைதானே. "நேர்மையாக ஒப்புக்கொண்டான்" என்பது கதாசிரியர் தன் பாத்திரத்துக்குக் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ். அந்த முடிவுக்கு வாசகர்தான் வர வேண்டும்.

எங்கே வைப்பது

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. பேச்சை முதலில் கொடுத்துவிட்டு அடையைப் பின்னால் வைத்தால், வாசகர் அந்தப் பேச்சைத் தனக்குத் தோன்றிய குரலில் ஏற்கனவே படித்து முடித்திருப்பார். நீளமான பேச்சாக இருந்தால் இது பெரிய சிக்கல். ஐந்து வரி பேசிய பிறகு "என்று விக்கி விக்கி அழுதபடி ஒப்புக்கொண்டாள்" என்று வந்தால், படித்த ஐந்து வரியையும் அவர் மனதில் மறுபடி அழ வைக்க வேண்டும்.

குரல், மூச்சு, வேகம் ஆகியவற்றைப் பற்றிய அடையைப் பேச்சுக்கு முன்னால் வையுங்கள். "எச்சிலை விழுங்கினான். 'நான்தான்க்கா வெச்சேன்.'" இங்கே "என்றான்" கூட வேண்டாம். பார்வை, கை, கால் பற்றியதைப் பின்னால் வைக்கலாம். பேசிய பிறகு உடம்பு என்ன செய்கிறது என்பது பேச்சின் தொடர்ச்சி. பேச்சுக்கு நேர் எதிரான அடையைப் பின்னால் வைப்பது எப்போதாவது ஒருமுறை அழகாக இருக்கும். ஒரு கதையில் ஒரு தடவைக்கு மேல் செய்தால் பலிக்காது.

இரண்டு அடைகளை ஒன்றாக அடுக்காதீர்கள். "தலை குனிந்து, கண் கலங்க, தயக்கத்துடன்" என்று மூன்று வந்தால், எது சரி என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றில் எதை எடுத்துவிட்டால் காட்சி மாறிவிடுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையமும் நீதிமன்றமும்

குற்றக் கதை எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆவது பிரிவு. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புடைய பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. "எல்லாவற்றையும் கதறி அழுதபடி இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டான்" என்று எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அதை வைத்தே தண்டனை வாங்கிக் கொடுத்தால், விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

மாஜிஸ்திரேட் முன்னால் நடப்பது வேறு. வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம் என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். கேள்விகள் கேட்டு, அந்த ஆள் தாமாக முன்வந்துதான் சொல்கிறார் என்று நம்பினால் மட்டுமே பதிவு செய்ய வேண்டும். அப்படி நம்புவதாகக் கீழே எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். "தாமாக முன்வந்து" என்பதும் ஒரு வினையடைதான். அந்த ஓர் அடை பொய் என்று தெரிந்தால் பக்கம் பக்கமான வாக்குமூலம் செல்லாமல் போகும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனம் இருக்கும் இடத்தை ஒரு நல்ல கதாசிரியர் விட்டுவிடக் கூடாது. அந்த அறையில் "தாமாக" என்பதை அவன் எந்தக் குரலில் சொன்னான் என்று எழுதிப் பாருங்கள்.

அடையே இல்லாமல்

தமிழில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஒப்புதல் காட்சி சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் இருக்கிறது. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கோவலன் கள்வன் இல்லை என்று பாண்டியனுக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிடுகிறது.

"தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்" என்கிறார் இளங்கோ. வருந்தினான், நடுங்கினான் என்று சொல்லவில்லை. குடை தாழ்ந்துவிட்டது, செங்கோல் தளர்ந்துவிட்டது. ஓர் அரசன் ஒப்புக்கொள்ளும்போது என்ன போகும்? அரசுதான் போகும். அதனால் அவன் கண்ணையும் குரலையும் விட்டுவிட்டு, அரசின் அடையாளங்களைக் காட்டுகிறார். அடுத்து வரும் பேச்சு: "யானோ அரசன் யானே கள்வன்." ஓகாரம் ஒன்று, ஏகாரம் ஒன்று. "நானா அரசன்? நான்தான் கள்வன்." நம் தம்பி சொன்ன "நான்தான்க்கா" என்பதில் இருக்கும் அதே "தான்"தான் இங்கே ஏகாரமாக நிற்கிறது. "ஒப்புக்கொண்டான்" என்ற வினையே அங்கே கிடையாது.

இதைப் பார்த்த பிறகு வளையல் காட்சிக்கே திரும்பலாம். அங்கே போவது அக்காவின் நம்பிக்கை. அதற்கு ஒரு பொருள் உண்டா என்று தேடினேன். நகையை வைத்தால் கடையில் சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டை அவன் எங்கே வைத்திருப்பான்? தூக்கிப் போடவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. என் கடைசிப் பிரதி இப்படி வந்தது:

அக்கா பெட்டியை மூடவில்லை.

"தம்பி, இதுல இருந்தது எங்கடா?"

ஒரு காலில் செருப்போடு நின்றவன் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சட்டைப் பையில் கையை விட்டான். நாலாக மடித்து, வேர்வையில் ஊறி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த சீட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"வெச்சுட்டேன்க்கா."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்னாடி."

அவள் சீட்டைப் பிரிக்காமல் பெட்டியை மூடினாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.